அண்ணி சொன்ன நிறை

ஒரு வாகனத்தில் எத்தனை பேர் போகப் போகிறோம் என்று எண்ணும்போது, பிள்ளைகளையும் சேர்த்து எண்ணுவீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் எண்ணுவதில்லை. பெரியவர்களை எண்ணுவார்கள். சூட்கேஸை எண்ணுவார்கள். ரைஸ் குக்கருக்குக்கூட இடம் பார்த்து வைப்பார்கள். பிள்ளைகள் என்று வந்தால் "அதுகள் மடியில இருக்குங்கள்" என்று கதையை முடித்துவிடுவார்கள். மடி என்பது எங்கள் ஆட்களைப் பொறுத்தவரை வாகனத்தோடு சும்மா வருகிற ஒரு சீட்.

போன டிசம்பரில் முதல் முறையாக எங்கள் வீட்டில் பிள்ளைகளை எண்ணினார்கள். எண்ணி முடித்தபோது நான் வெளியே நின்றேன்.

நான் ஆக்லாந்தில் எஞ்சினியரிங் இரண்டாம் வருஷம். இருப்பது ஹில்ஸ்பரோவில் அண்ணாவின் வீட்டில், கராஜை ஒட்டிய அறையில். அண்ணாதான் என்னைக் கொழும்பிலிருந்து இங்கே கூப்பிட்டார். அதை அவர் மறந்ததும் இல்லை, என்னை மறக்க விட்டதும் இல்லை. வீட்டில் அண்ணி இருக்கிறார். அவர்களுக்கு ஒரு பையன், சின்னவன், அப்போது நாலு வயசு ஆகவில்லை. கிண்டி என்று இங்கே சொல்கிற பாலர் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்து வீடு முழுக்க இங்கிலிஷ் பேசுவான்.

அண்ணாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு அக்கா. எனக்குப் பன்னிரண்டு வயசாக இருக்கும்போது அவளைக் கட்டிக்கொடுத்து நோர்வேக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. ரெலிபோன் கார்டு முடியும்வரைக்கும் ஒரு குரல், வருஷத்துக்கு ஒரு போட்டோ, அவ்வளவுதான் அக்கா. அவள் அத்தானோடும், பிறந்து ஒரு வயசு தொடப்போகிற பெண் பிள்ளையோடும் மூன்று கிழமைக்கு வருகிறாள் என்றதும் நான் நாள்காட்டியைப் பார்த்தேன். அந்த மூன்று கிழமையும் எனக்குப் புக்கெகோஹியில் லீவு வேலை. உருளைக்கிழங்கு பொதி செய்யும் ஷெட். அண்ணா ஆள் பிடித்து எடுத்துத் தந்த வேலை, வேண்டாம் என்று சொல்ல முடியாது. விடிய முன்னம் போனால் பொழுதுபட்டுத்தான் வருவேன்.

மிச்சம் இருந்தது கடைசி நாலு நாள். எல்லோரும் ஒரு வானை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கந்தக ஊற்றும் கொதிக்கிற சேறும் பார்க்க ரொட்டோருவாவுக்குப் போவதாகத் திட்டம். திரும்பி வந்த அடுத்த நாள் அக்காவுக்கு பிளேன். அந்த நாலு நாளுக்கு மட்டும் ஷெட்டில் கெஞ்சி லீவு எடுத்தேன். சூப்பர்வைசர் ஒரு முழுக் கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பரவாயில்லை என்று விட்டேன். ஏனென்றால் அக்கா நோர்வேயிலிருந்து போனில் சொல்லியிருந்தாள்:

"டேய், பின் சீட்டை எங்களுக்கு எண்டு பிடிச்சு வை. நீயும் நானும்தான். போற வழி முழுக்கக் கதைக்கோணும். முன்னால இருக்கிறவைக்குக் கேக்கக் கூடாது."

"என்ன கதை?"

"எல்லாக் கதையும். நீ எனக்கு எட்டு வருஷக் கதை கடன்."

வான் எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அண்ணா பத்து வருஷம் இந்த நாட்டில் இருக்கிறார், ஆனால் போனில் வெள்ளைக்காரரோடு கதைக்க வேண்டுமென்றால் என்னைத்தான் தேடுவார். "நீ தானே படிக்கிறவன்" என்பார். அதைப் பாராட்டு என்று நினைத்து நான் ஏமாந்த காலமும் ஒன்று இருந்தது.

"ஐஞ்சு பேர்தானே. ஒரு பெரிய கார் காணும்," என்றார் அண்ணா.

"ஏழு பேர் அண்ணா."

"எப்பிடி ஏழு?"

"பிள்ளையள் ரெண்டு."

"அதுகள் மடியில இருக்குங்கள்."

அண்ணாவின் சொந்தக் கார் கியர்பாக்ஸ் போய் ஒனஹுங்காவில் ஒரு மெக்கானிக்கின் வளவில் கிடந்தது. அது ஓடிய காலத்திலும் சின்னவன் இருந்தது அண்ணியின் மடியில்தான். தூரத்தில் பொலிஸ் கார் தெரிந்தால் அண்ணி சால்வையால் அவனை மூடிவிடுவார். அவனும் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்து உள்ளே சத்தம் போடாமல் இருப்பான். இந்த நாட்டில் ஐந்து வயசுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு சீட் கட்டாயம், அது சட்டம் என்று நான் எத்தனை தரம் சொன்னாலும், "நாங்கள் எல்லாம் மடியில இருந்துதானே வளர்ந்தனாங்கள்" என்ற ஒரே பதில்தான்.

கடைசியில் அக்காவே போனில் அண்ணாவைப் பிடித்தாள். "அண்ணா, இஞ்ச ஆஸ்பத்திரியில இருந்து பிள்ளையை வீட்டை கொண்டு போறதுக்கே சீட் காட்டோணும். சீட் இல்லாமல் நான் வானில ஏற மாட்டன். உங்கட பெடியனுக்கும் எடுங்கோ."

தங்கச்சி சொன்னால் சட்டம். நான் சொன்னால் வாய்க் கொழுப்பு. சரி, விடுங்கள்.

ஏர்போர்ட் பக்கம் இருந்த ஒரு வாடகைக் கொம்பனிக்கு விரிவுரை முடிந்த ஒரு பின்னேரம் பஸ் பிடித்துப் போனேன். ஏழு பேர் இருக்கிற வான் ஒன்று பார்த்தேன். முன்னால் இரண்டு, நடுவில் தனித்தனியாகக் கைப்பிடி வைத்த இரண்டு, பின்னால் மூன்று பேர் இருக்கிற ஒரு நீளச் சீட். மனசுக்குள் ஆட்களை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். முன்னால் அண்ணாவும் அத்தானும். நடுவில் அண்ணியும் சின்னவனும். பின்னால் பிள்ளையின் சீட், அக்கா, நான். இதைவிடப் பொருத்தமாக ஒரு வானை யாரும் செய்திருக்க முடியாது.

பிள்ளைகளின் சீட்டுகளைச் செருப்புக் கடையில் போல் ஒரு தட்டில் வரிசையாக வைத்திருந்தார்கள். பின்பக்கம் பார்த்துக் கட்டுகிற குழந்தைச் சீட், அதைவிடப் பெரியது, அதற்கும் பெரியது. கவுண்டரில் இருந்த பெண் வயசு கேட்டாள், சொன்னேன். நிறை கேட்டாள். அக்கா தன் பிள்ளையின் நிறையைக் கிராம் கணக்கில் சொல்லி அனுப்பியிருந்தாள். சின்னவனின் நிறை எனக்குத் தெரியவில்லை. வயசைவிட நிறைதான் முக்கியம், வீட்டில் கேட்டுவிட்டு போன் பண்ணுங்கள் என்றாள்.

அண்ணி குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, சின்னவன் எத்தனை கிலோ?"

கத்தி நின்றது. "ஏன் தம்பி கேக்கிறீர்?"

"சீட் எடுக்கத்தான். அந்தக் கொம்பனிக்காரி கேக்கிறாள்."

"வெள்ளைக்காரியோ?"

"ஓம்."

"அவளுக்கேன் என்ர பிள்ளையின்ர நிறை?"

நான் விளக்கினேன். பட்டி, கொக்கி, பிரேக் அடித்தால் எவ்வளவு விசை என்று படித்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். அண்ணி கேட்டுக்கொண்டே லீக்ஸை ஒரு பக்கம் ஒதுக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, குசினியில் எங்கள் இரண்டு பேரையும் தவிர யாரும் இல்லாதபோதும் தாழ்த்தி, "பதின்மூண்டு எண்டு சொல்லும்" என்றார்.

"பதின்மூண்டோ? அண்ணி, இவனைத் தூக்கினால் எனக்கு முதுகும் நாரியும் பிடிக்குது."

"த்தூ, த்தூ. நீரே நாவூறு போடும். வேற ஆளே வேண்டாம்."

"வெள்ளைக்காரிக்கு நாவூறு எண்டால் என்னெண்டே தெரியாது."

"தெரியாட்டிப் படாதோ? தெரியாத கண்தான் கூடப் படும்."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? குளியலறையில் நிறை பார்க்கும் மெஷின் ஒன்று இருந்தது. எடுத்துக்கொண்டு வந்து சின்னவனைக் கூப்பிட்டேன். அவன் ஓடி வந்தான். ஏறுவதற்குள் அண்ணி மெஷினைப் பறித்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார். அன்று இரவே செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து அவன் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டார். புகை அலாரம் அலறத் தொடங்கியது. நான்தான் கதிரை போட்டு ஏறி அதன் பேட்டரியைக் கழற்றினேன். என்னால் பட்ட நாவூறுக்கு நானே அலாரம் நிறுத்துகிறேன்.

அண்ணாவிடம் முறையிட்டேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவள் சொன்னதைச் சொல்லன். ஒண்டு ரெண்டு கிலோ கூடினால் சீட் என்ன உடைஞ்சோ போகும்?"

"ஒண்டு ரெண்டு இல்லை அண்ணா."

"தாய்க்குத் தெரியாததோ உனக்குத் தெரியும்?"

அடுத்த நாள் யூனிவர்சிட்டி பூத்திலிருந்து போன் பண்ணிப் பதின்மூன்று என்றேன். அப்படியென்றால் நடுச் சைஸ் போதும் என்றாள் அந்தப் பெண். புக் ஆகிவிட்டது.

அக்கா வந்தாள். ஏர்போர்ட்டில் என்னைத் தாண்டிப் போய் வேறு யாரையோ தேடினாள். அவள் தேடியது பன்னிரண்டு வயசுப் பையனை. பிறகு திரும்பிப் பார்த்து வாயைப் பொத்தினாள். அதற்கு மேல் அன்று ஒன்றும் கதைக்க முடியவில்லை, பிள்ளை அழுதது. அடுத்த நாளிலிருந்து எனக்கு உருளைக்கிழங்கு. நான் வரும்போது அவள் பிள்ளையைப் படுக்கவைத்துக்கொண்டு தானும் தூங்கிப் போயிருப்பாள். விழித்திருக்கும் நாட்களில் வீடு நிறைய ஆட்கள். நோர்வேயிலிருந்து வந்தவளைப் பார்க்க ஆக்லாந்திலிருக்கும் தமிழ்ச் சனம் முழுக்க வந்து போனது. எனக்கு வேலை தேத்தண்ணி கொடுப்பது. கதவடியில் ஒரு தரம் எதிர்ப்பட்டபோது அவள் என் தலையை ஒரு தட்டுத் தட்டி, "பின் சீட்" என்று மட்டும் சொன்னாள்.

"பின் சீட்" என்றேன் நானும்.

கிறிஸ்மஸ் அன்று காலையில் கிளம்புவது என்று அண்ணா முடிவெடுத்தார். வெள்ளைக்காரர் எல்லாம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், ரோட்டு வெறிச்சென்று கிடக்கும், நாங்கள் பறக்கலாம் என்பது அவர் கணக்கு. அந்தக் கொம்பனி ஏர்போர்ட் ஆட்களுக்காக அன்றும் கொஞ்ச நேரம் திறந்திருந்தது. இரண்டு டாக்ஸி பிடித்துப் போனோம், அக்காவின் டாக்ஸியில் மட்டும் குழந்தைச் சீட் சொல்லி வைத்து. டாக்ஸியில் பிள்ளைக்கு சீட் இல்லாமலும் போகலாமாம். அண்ணிக்கு அது பெரிய வெற்றி. சின்னவனை மடியில் வைத்து என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தீரோ தம்பி? கவண்மெண்டே விடுது."

தலையில் கிறிஸ்மஸ் தொப்பி போட்ட ஒரு ஆள் வானைக் கொண்டு வந்து நிறுத்தினான். குழந்தைச் சீட்டைப் பின்னால் ஒரு ஓரத்தில் கட்டினான். அக்கா ஏறிப் பட்டியை இழுத்து, ஆட்டி, மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினாள். அடுத்து சின்னவனின் சீட்டை நடுவில் வைத்தான். சின்னவன் சந்தோஷமாக ஏறினான். ஏறி உட்கார்ந்தான் என்று சொல்ல முடியாது, செருகிக்கொண்டான். பட்டியின் இரண்டு முனையும் அவன் வயிற்றுக்கு மேலே சந்திக்க மறுத்தன. அந்த ஆள் பட்டியைக் கடைசிவரைக்கும் தளர்த்தினான். நடுவில் இன்னும் ஒரு கை அகலம் இடைவெளி.

"டூ டைட், அம்மா," என்றான் சின்னவன்.

"வயித்தை எக்கு," என்றார் அண்ணி.

தொப்பிக்காரன் நிமிர்ந்தான். எத்தனை கிலோ என்று பொதுவாகக் கேட்டான். அண்ணிக்கு இங்கிலிஷ் அவ்வளவு வேகமாக வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "தேர்ட்டீன்."

"நோ, அம்மா. ட்வென்டி டூ," என்றான் சின்னவன். "கிண்டில த நர்ஸ் செட். ஐம் த பிக்கஸ்ட்."

மேலே ஒரு பிளேன் போனது.

"பிள்ளைக்கு இன்னும் இலக்கம் சரியாத் தெரியாது," என்றார் அண்ணி, அத்தானைப் பார்த்து.

சின்னவனுக்கு மானப் பிரச்சினை. "ஐ டூ நோ. நைன்டீன், ட்வென்டி, ட்வென்டி வன், ட்வென்டி டூ," என்று விரலை மடித்து எண்ணிக் காட்டினான். தொப்பிக்காரன் அவனுக்கு ஒரு லொலிபொப் கொடுத்தான்.

இந்த நிறைக்குப் பொருத்தமான, பூஸ்டர் என்கிற பெரிய சைஸ் சீட் எல்லாம் கிறிஸ்மஸுக்கு முந்திய கிழமையே வாடகைக்குப் போய்விட்டன. நான் முதலிலேயே சரியான நிறையைச் சொல்லியிருந்தால் ஒன்றை ஒதுக்கி வைத்திருப்பார்களாம். கடையின் பின்னால் பழைய மாடல் ஒன்று மட்டும் கிடந்தது. தூக்கிக்கொண்டு வந்தான். சாம்பல் நிறம், இரண்டு பக்கமும் செட்டை போல் அகலக் கைகள், சோபாவில் பாதி இருக்கும். நடுவில் கைப்பிடி வைத்த சீட்டுக்குள் அது இறங்கவில்லை. அதன் முதுகுப் பட்டியைக் கொழுவுகிற கொக்கியும் பின் சீட்டுக்குப் பின்னால்தான் இருந்தது. பின்னால் கொண்டுபோய் வைத்தான். ஒரு ஓரத்தில் குழந்தைச் சீட், மற்ற ஓரத்தில் இந்தச் சோபா. இடையில் மிஞ்சியது ஒரு கைப்பை வைக்கிற இடம்.

அக்கா நடுவுக்கு வந்தாள். அண்ணி நடுவில். முன்னால் இரண்டு பேர். வான் நிறைந்துவிட்டது.

நான் மட்டும் தரையில் நின்றேன். மற்றவர்களும் தரையில்தான் நின்றார்கள், ஆனால் அவர்களுக்கு ஏற இடம் இருந்தது.

அண்ணா என் பக்கம் திரும்பினார். "நீதானே புக் பண்ணினனி?"

"அண்ணிதானே பதின்மூண்டு எண்டவ."

"இந்த இடத்தில நிண்டு அதைக் கதைக்காத. வேற வழி பார்."

பார்த்தேன். கிளென்ஃபீல்டில் அண்ணாவோடு வேலை செய்கிற ஒரு மதுரைக்காரர் இருந்தார், அவர் வீட்டில் பிள்ளைகள் உண்டு, சீட்டும் உண்டு. கொம்பனி போனிலிருந்து எடுத்தேன். அவர் மனைவிதான் பேசினார். "ஆமாப்பா, பூஸ்டர் இருக்கு. ஆனா அவரு வண்டிய எடுத்துட்டு ஹாமில்டன் போயிட்டாரே, சீட்டும் அதுக்குள்ளதான் இருக்கு. ஏன், உங்க பையனுக்குத்தான் சீட் புக் பண்ணியாச்சுன்னு உங்க அண்ணி சொன்னாங்களே?" நன்றி சொல்லி வைத்தேன். புதிதாக ஒன்று வாங்கலாம் என்றால் அன்றைக்கு மோல் எல்லாம் பூட்டு. யாரும் ரோட்டில் இல்லாத நாளாகத் தேடிப் பிடித்தது நாங்கள்தானே.

அண்ணா தமிழில், சிரித்த முகத்தோடு, தொப்பிக்காரனுக்கு ஏதோ வாழ்த்துச் சொல்வது போன்ற குரலில் சொன்னார்: "இப்ப இந்தப் பெரிய சீட் வேண்டாம் எண்டு குடுப்பம். சின்னச் சீட்டில பெடியனைச் சும்மா இருத்திக் கொண்டு வெளிக்கிடுவம். அந்த வளைவு தாண்டினதும் அவன் தாயின்ர மடியில. தம்பி பின்னால ஏறட்டும். யாருக்குத் தெரியும்?"

எனக்கு உயிர் வந்தது. சட்டம், விசை, பிரேக் எல்லாம் எங்கே போனதோ தெரியாது. ஏறினால் போதும் என்றிருந்தது.

"இல்லை அண்ணா," என்றாள் அக்கா.

"ரெண்டரை மணித்தியால ஓட்டம் பிள்ளை. ரோட்டில ஒரு குருவி இல்லை."

"இல்லை. ஏதும் நடந்தால் பிள்ளைதான் பறக்கும். நான் கண்ணால பாத்துக்கொண்டு இருக்க மாட்டன்." பிறகு என்னைப் பார்த்தாள். "நீ பெரியாள்தானேடா. உனக்கு விளங்கும்."

எனக்கு விளங்கியது. அதுதான் கோளாறு. அவள் சொன்னது சரி, நான் மாசக்கணக்கில் அந்த வீட்டில் கத்தியதும் அதைத்தான். என் வாயால் சொன்னபோது ஒருவரும் கேட்கவில்லை. கேட்ட ஒரே நாள் அது, அதற்கு விலை நான்.

"நான் பஸ்ஸில வாறன். நாளைக்கு," என்றேன்.

அத்தான் நல்ல மனிசன், அதனால் மெதுவாகச் சொன்னார்: "வரலாம் மச்சான். ஆனா வந்தாப் பிறகு? அங்க சுத்திப் பாக்கிறதும் இந்த வானிலதானே."

எண்ணிப் பாருங்கள், நானும் எண்ணினேன். அண்ணா இல்லாவிட்டால் ஓட்ட ஆளில்லை, அத்தானுக்கு இந்தப் பக்கத்து ரோட்டு பழக்கமில்லை. தாய்மார் இரண்டு பேர். பிள்ளைகள் இரண்டு பேர். அத்தான் விருந்தாளி. யாரை விடுவது என்று ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. என் பை எப்போது வானிலிருந்து இறங்கி என் காலடிக்கு வந்தது என்றுகூட நான் பார்க்கவில்லை.

அக்கா இடியப்பப் பார்சல் ஒன்றை என் கையில் திணித்தாள். "நாலு நாள்தானேடா. வந்து கதைப்பம்."

அண்ணி கடைசியாக ஏறினார். கண்ணாடியை இறக்கி, "தம்பி, கறிவேப்பிலைக் கண்டுக்குத் தண்ணி விடும், என்ன," என்றார். வான் திரும்பும்போது பின் கண்ணாடியில் சின்னவன் தெரிந்தான், சோபாவில் ராசா மாதிரி. எனக்குக் கை காட்டினான், லொலிபொப் பிடித்த கையால்.

டாக்ஸி எடுத்துப் போ என்று அண்ணா சொல்லியிருந்தார். எடுக்கவில்லை. நடந்தேன். யாருக்கு அதனால் வலிக்கும் என்று நினைத்து நடந்தேனோ தெரியவில்லை, எனக்கு மட்டும்தான் கால் வலித்தது. மாங்கரேப் பாலத்தில் நின்று இடியப்பத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். தண்ணீர் வற்றிச் சேறு மட்டும் கிடந்தது. பாலத்தில் ஒரு குடும்பம் நாயோடு நடந்து போய்க்கொண்டிருந்தது, "மெரி கிறிஸ்மஸ்" என்றார்கள். நானும் சொன்னேன். வேறு என்ன சொல்ல.

அந்த நாலு நாளும் வீட்டில் படுத்திருந்தேன். ஷெட்டுக்குப் போயிருக்கலாம். லீவு கேட்டுக் கெஞ்சியவன் எந்த முகத்தோடு போவான்? ஒரு நாள் அக்கா மோட்டலிலிருந்து போன் எடுத்தாள். பின்னால் எல்லோருடைய சத்தமும் கேட்டது. "இஞ்ச ஒரே கெட்ட முட்டை மணமடா, நீ தப்பினாய்," என்றாள். சிரித்தேன். கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விடவில்லை. ஆனால் மழை பெய்தது, அது நன்றாகத்தான் இருந்தது.

அவர்கள் திரும்பி வந்தபோது பொழுதுபட்டுவிட்டது. எல்லா உடுப்பிலும் கந்தக மணம். சின்னவனுக்கு அங்கே ஒரு இரவு காய்ச்சல் வந்ததாம். அண்ணி சூட்கேஸைக் கூட இறக்கவில்லை, அந்தக் கதையைத்தான் முதலில் இறக்கினார்.

"அந்தத் தொப்பிக்காரனுக்கு முன்னால இலக்கம் சொன்னான் எல்லோ, அண்டு பின்னேரமே மேல் சுட்டது. நான் அப்பவே சொன்னனான். இந்த நிறைக் கதையை முதல்ல எடுத்தது ஆர்?"

எடுத்தது நான். ஆக, சீட் பிழையாகிப் போனதும் நான், காய்ச்சலும் நான். செத்தல் மிளகாய் வந்தது. அலாரத்தின் பேட்டரியை நான் இன்னும் திரும்பப் போட்டிருக்கவில்லை.

அக்கா சாமான் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் அறை வாசலில் நின்றேன். அடுத்த நாள் காலையில் பிளேன். எங்களுக்கு இருந்தது அந்த ஒரு சூட்கேஸ் நேரம்தான்.

"கோவமோடா?"

"இல்லை."

"பொய் சொல்லாத. உன்ர மூக்கு காட்டிக் குடுக்குது."

"ஊரை விட்டு வெளிக்கிட்ட அண்டு உழவு மெசினில என்னை மடியில வைச்சுக்கொண்டு வந்தனீங்கள். ஞாபகம் இருக்கோ?" என்றேன். எனக்கு அப்போது பத்து வயசு, மடியில் இருக்கிற வயசே இல்லை. ட்ராக்டரின் பின்பெட்டியில் இடமில்லை. ஆட்களை எண்ணி ஏற்றியவன் என்னை எண்ணாமல் விடட்டும் என்று அக்கா என்னை இழுத்து மடியில் போட்டுச் சேலையால் மூடினாள். வழி முழுக்க என் கால் வெளியே தொங்கியது.

அவள் ஒரு குட்டிச் சட்டையை மடித்து வைத்தாள். "ஞாபகம் இருக்கு. அண்டைக்கு வேற வழி இருக்கேல்லை. ஒரு சீட் இருந்திருந்தால் உன்னை அதிலதான் கட்டியிருப்பன். நான் ஏறாட்டிலும்."

பிள்ளை எழும்பி அழுதது. அவள் போய்த் தூக்கினாள். நான் சூட்கேஸின் சிப்பை இழுத்து மூடிக் கொடுத்தேன். எட்டு வருஷக் கதை அந்த அளவில் முடிந்தது.

காலையில் ஏர்போர்ட்டுக்குப் போனதும் அதே வானில், அதே சோபாவோடு. சின்னவன் பிளேன் பார்க்க வேண்டும் என்று அழுதான், அண்ணி அவனை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்றார். நான் ஹில்ஸ்பரோ வீட்டு வாசலில் நின்று கை காட்டினேன். இந்த முறை ஒருவரும் வழி தேடக்கூட இல்லை.

இப்போது இது எங்கள் ஆட்களின் பிறந்தநாள் பார்ட்டிகளில் ஓடுகிற பகிடி. அண்ணி அழகாகச் சொல்வார். "எஞ்சினியரிங் படிக்கிறார், ஆனா ஒரு பிள்ளைக்கு சீட் எடுக்கத் தெரியேல்லை. கடைசியில தானே நடந்து வீட்டை வந்தவர்." எல்லோரும் சிரிப்பார்கள். பதின்மூன்று என்ற இலக்கம் மட்டும் அந்தக் கதையில் வருவதில்லை. அண்ணா என் முதுகில் தட்டுவார். போட்டோக்களைக் கை மாற்றிப் பார்ப்பார்கள். கொதிக்கிற சேற்றுக்கு முன்னால் ஆறு பேர். படம் எடுத்தது நான் என்று நினைக்கிறவர்களும் உண்டு. அக்கா அங்கே போன பிறகு இரண்டு தரம் போன் எடுத்தாள். பிள்ளை நடக்கிறதாம். அடுத்த முறை நீ இங்கே வா என்றாள். விசா என்றேன். ஓம் என்றாள். கார்டு முடிந்துவிட்டது.

கியர்பாக்ஸ் மாற்றிக் கார் திரும்பி வந்துவிட்டது. இன்றைக்கும் ஒரு பார்ட்டி, மவுண்ட் ரொஸ்கில்லில். நான் அசைன்மென்ட் என்று சொல்லிவிட்டு இந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். வெளியே கார் ஸ்டார்ட் ஆகிறது, கராஜ் யன்னலால் தெரிகிறது. சின்னவன் முன் சீட்டில் அண்ணியின் மடியில் இருக்கிறான். பின் சீட் காலி.